தெருவில் வேகத்தடை: விதி என்ன, அளவு என்ன, யாரிடம் கேட்பது?

(வணிகர் அறிய வேண்டியவை)



நம்மில் பெரும்பாலோர் கடைகள் பெரிய கடைவீதியில் மட்டும் இல்லை. மளிகை, மருந்து, பால், காய்கறி, எழுதுபொருள் என்று அன்றாடத் தேவைக்கான கடைகள் மக்கள் குடியிருக்கும் தெருக்களில்தான் இருக்கின்றன. தெருவின் நன்மை தீமை இரண்டும் முதலில் கடை வாசலில்தான் தெரியும். ஒரு விபத்து நடந்தால் தண்ணீர் கொண்டு ஓடுகிறவரும், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறவரும், காவல்துறையினர் சாட்சி கேட்கும்போது முன்னே நிற்கிறவரும் கடைக்காரரே.

விபத்து நடந்த மறுநாள் தெருவில் என்ன நடக்கிறது என்பதும் நாம் அறிந்ததே. மறியல் நடக்கும். "உடனே வேகத்தடை போடு" என்று குரல் எழும். அதிகாரிகள் வருவதற்குள் யாரோ இரண்டு மூட்டை சிமெண்டும் ஜல்லியும் இறக்குவார்கள். இரவோடு இரவாக ஒரு மேடு எழும்பிவிடும். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் கடைக்காரர் பெயர் முதலில் இருக்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வெள்ளைக் கோடும் இல்லாமல், அறிவிப்புப் பலகையும் இல்லாமல், செங்குத்தாக நிற்கும் அந்த மேட்டில் அடுத்த வாரம் ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்த ஒரு தாய் விழுந்தால், அந்தப் பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நமக்கு மிக அவசியம். ஆகவே வேகத்தடை பற்றிய விதிகளையும், முறையாக அதைப் பெறும் வழியையும் இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. வேகம் ஏன் குறைய வேண்டும்?

இதைக் கணக்கைக் கொண்டே பார்ப்போம். வண்டி ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கக் குறைந்தது ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியிலும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பிரேக் பிடித்த பிறகும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும். நல்ல டயர், நல்ல பிரேக், ஈரமில்லாத சாலை என்று வைத்துக்கொண்டால், கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்:

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க 13 மீட்டர் வேண்டும்.
40 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர் வேண்டும்.
50 கி.மீ. வேகத்தில் 28 மீட்டர் வேண்டும்.

இப்போது ஒரு சிறுவன் மிட்டாய் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து தெருவில் ஓடுகிறான்; வண்டி 15 மீட்டர் தொலைவில் வருகிறது என்று கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வந்தவர் சிறுவனைத் தொடாமல் நிறுத்திவிடுவார். 50 கி.மீ. வேகத்தில் வந்தவர் பிரேக்கில் கால் வைக்கும்போதே 14 மீட்டர் ஓடியிருக்கும். மீதி ஒரு மீட்டரில் வேகம் எவ்வளவு குறையும்? ஏறத்தாழ 48 கி.மீ. வேகத்தில் மோதுவார். ஓட்டுநரும் அதே ஆள், பிரேக்கும் அதே பிரேக். இருவேறு முடிவுக்கும் காரணம் 20 கி.மீ. வேக வித்தியாசமே.

50 கி.மீ. வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 30 கி.மீ. வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் காயம்தான், ஆனால் பிழைக்க வழி உண்டு.

இந்தக் காரணத்தால்தான் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. வேகம் போதும் என்று பல நாடுகளில் முடிவு செய்திருக்கிறார்கள். சென்னை மாநகரப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் புதிய வேக வரம்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்றே நிர்ணயித்தது.

இது தூரத்து ஊர்க் கவலை அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு; 64,105 விபத்துகள்.

2. வேகத்தடை என்பது ஓர் அளவு கருவி

நம் கடையில் எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கல் கனமாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. வேகத்தடையும் அப்படியே. உயரமாக இருக்கிறது, வண்டி குலுங்குகிறது என்பதால் மட்டும் அது வேகத்தடை ஆகிவிடாது. அதற்கென்று அளவு உண்டு.

அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் ஆர்தர் காம்ப்டன், 1953ஆம் ஆண்டில் தாம் பணியாற்றிய செயின்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்துக்காக இத்தகைய மேடுகளை வடிவமைத்தார். பிறகு 1970களில் பிரிட்டனின் அரசுச் சாலை ஆய்வுக்கூடத்தில் பலவித வடிவங்களைப் போட்டு, அவற்றின்மேல் பலவித வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 12 அடி அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட, வில் போல் வளைந்த மேடே நன்றாகப் பயன்படுகிறது என்று கண்டார்கள்.

நம் நாட்டில் சாலைகளுக்கான அளவு முறைகளை வகுப்பது 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ் எனப்படும் ஐ.ஆர்.சி. அமைப்பு. வேகத்தடைக்கென அது 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின் எண் ஐ.ஆர்.சி. 99. இது 2018ஆம் ஆண்டில் விரிவாகத் திருத்தப்பட்டு, வேகத்தடை மட்டுமின்றி வேகத்தைத் தணிக்கும் மற்ற ஏற்பாடுகளையும் சேர்த்து வெளியிடப்பட்டது.

1988ஆம் ஆண்டு நெறிமுறை தந்த அடிப்படை அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்:

(அ) வண்டி ஏறி இறங்கும் திசையில் மேட்டின் அகலம் 3.7 மீட்டர் (12 அடி).
(ஆ) நடுவில் உயரம் 10 செ.மீ. (4 அங்குலம்).
(இ) வளைவு 17 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி.
(ஈ) இதன்மேல் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சிரமமின்றிக் கடக்கலாம்.
(உ) லாரியும் பேருந்தும் அதிகம் செல்லும் இடத்தில், இரு ஓரங்களிலும் 1.5 மீட்டர் நீளத்துக்கு, 20க்கு 1 என்ற விகிதத்தில் சரிவு சேர்க்க வேண்டும்.
(ஊ) ஒரே தெருவில் ஒன்றுக்கு மேல் போட்டால் இடைவெளி 100 முதல் 120 மீட்டர்.
(எ) மேட்டின்மேல் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறி மாறித் தீட்ட வேண்டும். இரவில் ஒளிரும் பூச்சாக இருத்தல் நலம்.
(ஏ) 40 மீட்டர் முன்னதாகவே அறிவிப்புப் பலகை வேண்டும்.
(ஐ) மழைநீர் வடிய ஓரத்தில் வழி விட வேண்டும்.

மேட்டைச் சரிபார்க்கப் பொறியாளர் வர வேண்டும் என்பதில்லை. வண்டி ஏறும் ஓரத்திலிருந்து இறங்கும் ஓரம் வரை டேப் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 12 அடி வர வேண்டும். நடு உயரம் 10 செ.மீ. இருக்க வேண்டும். ஓரத்துக்கும் நடுவுக்கும் பாதித் தொலைவில், அதாவது ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே, உயரம் ஏறத்தாழ 7.5 செ.மீ. இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் வளைவும் சரி. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் சொல். தெருவில் போடுவதற்கும் அது பொருந்தும்.

3. குறுகிய மேடு ஏன் கூடாது?

ஓரடி, இரண்டடி அகலத்தில் செங்குத்தாக எழுப்பும் சிமெண்ட் மேடும், போல்ட் அடித்துப் பொருத்தும் குறுகிய ரப்பர்த் துண்டும் மிகப் பலமான தடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. குறுகிய மேட்டில் வேகமாக வரும் காரின் சக்கரம் மட்டும் துள்ளி இறங்கிவிடும். ஸ்பிரிங்கும் டயரும் அந்த அதிர்ச்சியை விழுங்கிவிடுவதால் உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாக உறைக்காது. வேகம் கூடக் கூட உறைப்பது குறையும். மெதுவாக வருகிறவருக்கோ குலுக்கல் அதிகம். அதாவது, மெதுவாக வந்தவருக்குத் தண்டனை, வேகமாக வந்தவருக்கு விடுதலை என்று ஆகிவிடுகிறது.

12 அடி அகலமுள்ள மேட்டில் இது தலைகீழாகும். முன்சக்கரம் ஏறி, வண்டி முழுவதும் மேலெழுந்து இறங்க வேண்டியிருக்கிறது. 25 கி.மீ. வேகத்தில் தொட்டில் போல் ஆட்டும். 40 கி.மீ. வேகத்தில் தூக்கிப் போடும். ஆகவே ஓட்டுநர் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்.

குறுகிய மேட்டால் நம் தொழிலுக்கும் நஷ்டம். முட்டை அட்டை, எண்ணெய் டின், கண்ணாடிப் பாட்டில், குளிர்பானக் கிரேடு இவையெல்லாம் சரக்கு வேனில் வரும்போது அதிர்ச்சி தாங்குவதில்லை. சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் சரக்கு கொண்டுபோகும் பையன்கள் ஓரத்து இடுக்கில் வண்டியை வளைத்து ஓட்டுவதால் சாக்கடையில் விழுகிறார்கள். கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், ஆட்டோவில் வரும் முதியவர்கள் அத்தெருவைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அவர்கள் தவிர்ப்பது தெருவை மட்டும் அல்ல. அத்தெருவில் உள்ள கடையையும்தான்.

4. எங்கே போடலாம்? எங்கே கூடாது?

நெறிமுறையின் தலைப்பிலேயே இது சிறு சாலைகளுக்கு உரியது என்பது தெளிவு. குடியிருப்புப் பகுதியில் தேர்ந்தெடுத்த உள்தெருக்கள், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை அருகிலுள்ள தெருக்கள், சிறு சாலை பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தில் சிறு சாலைப் பக்கம், வேகத்தால் திரும்பத் திரும்ப விபத்து நடந்த இடம், குறுகிய பாலம், கூர்மையான வளைவு இவற்றை அணுகும் பகுதி ஆகியவை பொருத்தமான இடங்கள்.

தேசிய நெடுஞ்சாலைக்கு வேகத்தடை உரியது அல்ல. அங்கு போடப்பட்டிருந்தவற்றை நீக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016ஆம் ஆண்டில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நம் ஊர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்டு மறியல் செய்வதால் பயன் இல்லை. அங்கே சிக்னல், நடைமேம்பாலம், சுரங்கப்பாதை, சாலை நடுத்தடுப்பு ஆகியவற்றைக் கேட்பதே முறை.

உள்தெருவிலும் இடம் பார்த்துத்தான் போட வேண்டும். சாக்கடை மூடியின்மேல் வரக்கூடாது. வீட்டு வாசலுக்கோ கடையில் சரக்கு இறக்கும் இடத்துக்கோ நேராக வரக்கூடாது. தெருவிளக்கின் வெளிச்சம் படும் இடமாக இருக்க வேண்டும்.

"என் கடைக்கு நேராகப் போட்டால் வண்டிகள் மெதுவாகப் போகும், போர்டு கண்ணில் படும்" என்று எண்ணும் நண்பர்கள் உண்டு. அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் அங்கே பிரேக் பிடித்து, கியர் மாற்றி, மறுபடி முறுக்கி எழும். அந்தப் புகையும் ஓசையும் ஹாரனும் நாள் முழுவதும் கல்லாப்பெட்டிக்கு எதிரே நிற்கும். வாடிக்கையாளர் வண்டி நிறுத்தவும் இடம் போய்விடும்.

எண்ணிக்கையிலும் அளவு வேண்டும். 400 மீட்டர் நீளமுள்ள தெருவுக்கு 120 மீட்டர் இடைவெளியில் மூன்று போதும். வீட்டுக்கு வீடு கேட்டு எட்டு, பத்து என்று போட்டால் முதலில் துன்பப்படுவது 108 ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும்தான். ஒவ்வொரு மேட்டிலும் சில வினாடிகள் போகும். நெஞ்சுவலிக்காரரைக் கொண்டுபோகும்போது அந்த வினாடிகளுக்கு விலை அதிகம்.

5. யாருக்கு அதிகாரம்?

சாலை யாருடையதோ, அவர்களுக்கே அதிகாரம். தேசிய நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலையும் அந்தந்தத் துறையின் பொறுப்பு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் தெருக்கள் அந்த உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஊராட்சிச் சாலைகள் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. நகரங்களுக்கு முன்பு 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று தனித்தனியே இருந்தன. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தின் பெயரைப் போட்டு மனு எழுதுவதைத் தவிர்க்கவும்.

வேக வரம்பும் அறிவிப்புப் பலகையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வருகின்றன. 112ஆம் பிரிவு வேக வரம்பு பற்றியது. 115ஆம் பிரிவு சில சாலைகளில் சில வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பற்றியது. 116ஆம் பிரிவு போக்குவரத்துக் குறியீடுகளை அமைப்பது பற்றியது. அரசோ, அரசு அதிகாரம் அளித்தவரோதான் இவற்றைச் செய்ய முடியும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவும் முக்கியமானது. நிர்ணயித்த தரப்படி சாலையை வடிவமைக்கவோ, அமைக்கவோ, பராமரிக்கவோ தவறி, அதனால் உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆகவே அளவு தவறிய வேகத்தடையைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுத்தால், அதிகாரிகள் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

6. நாமே போட்டுக்கொண்டால் என்ன?

அனுமதியின்றிப் பொதுச் சாலையில் மேடு எழுப்புவது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பொது வழிக்கு இடையூறு என்ற கணக்கில் வந்துவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதா சட்டத்தின் 285ஆம் பிரிவின்படி இதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்துடன் போவதில்லை. அம்மேட்டில் விழுந்து ஒருவர் இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற 106ஆம் பிரிவு பேசப்படும். அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நஷ்ட ஈட்டு வழக்கு தனி. சிமெண்டுக்குப் பணம் கொடுத்த ரசீது கடையில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும்.

சட்டத்தை விடுவோம். ஓர் உயிரைக் காக்க எழுப்பிய மேடு இன்னோர் உயிரை வாங்கினால், அதை நம் மனம் தாங்குமா?

ஆகவே சங்கம் சார்பில் பணம் செலவிட விரும்புவோர், அதைப் பலகைக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் நன்கொடையாக உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் அளிக்க முன்வரலாம். வேலையை அவர்கள் செய்யட்டும்.

7. மேடு ஒன்றுதான் வழியா?

இல்லை. வேகத்தைத் தணிக்கும் வழிகள் பல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் பிற்பகுதியில் குடியிருப்புத் தெருக்களை வளைவாகவும், மரமும் இருக்கையும் இடையிடையே வைத்தும் மாற்றி அமைத்தார்கள். வண்டி நேராகச் சீறிப் போக முடியாதபடி செய்தார்கள். 1976ஆம் ஆண்டில் அந்நாடு அத்தகைய தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரமே கொடுத்தது.

நம் தெருவுக்குப் பொருந்தக்கூடிய சில:

மேடைக் கடவை: பள்ளி வாசலில், மக்கள் கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திச் சமதளமாக அமைப்பது. வண்டி வேகம் குறையும். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. முதியோருக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது.

முனையைக் குறுக்குவது: தெருமுனையில் நடைபாதையைச் சற்று வெளியே நீட்டினால் வண்டிகள் அகலமாக வளைத்து வேகமாகத் திரும்ப முடியாது. கடக்க வேண்டிய தூரமும் குறையும்.

சிறு ரவுண்டானா: நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் நேராகப் பாய்வதைத் தடுக்கும்.

வாகன நிறுத்தத்தை மாற்றி மாற்றி அமைப்பது: 50 மீட்டர் இந்தப் பக்கம், 50 மீட்டர் அந்தப் பக்கம் என்று கோடு போட்டு வண்டி நிறுத்த விட்டால் பாதை தானே வளையும். செலவு பெயிண்ட் மட்டுமே.

ஒருவழிப் பாதை: பெரிய சாலையின் நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கு வழியாக வரும் வண்டிகளைத் தடுக்க இது உதவும். ஆனால் இதில் கவனம் தேவை. எதிர் வண்டி வராது என்ற தைரியத்தில் வேகம் கூடவும் செய்யும். சரக்கு வண்டி சுற்றி வர வேண்டியிருக்கும்.

நடைபாதையை அகலப்படுத்துவதும் வேகத்தைத் தணிக்கும் வழியே. சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டில் நடைபாதைகளை அகலப்படுத்தி, வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தி, நடப்பவருக்கான வளாகம் திறக்கப்பட்டது. வண்டிப் பாதை குறைந்தால் வியாபாரம் குறையுமோ என்ற அச்சம் இத்தகைய மாற்றம் பேசப்படும் எல்லா ஊரிலும் வணிகர்களுக்கு எழுவதுண்டு. அந்த அச்சம் நியாயமானதே. அதற்காகத்தான் திட்டம் தீட்டும் நாளிலேயே சரக்கு இறக்கும் இடம், நேரம், வாகன நிறுத்தம் மூன்றையும் நம் சங்கம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

8. விண்ணப்பிக்கும் முறை

முதல் படி, கணக்கு எடுப்பது. தெருவில் 50 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் சாக்பீஸால் கோடு போடவும். ஒரு வண்டி முதல் கோட்டிலிருந்து அடுத்த கோட்டைக் கடக்க ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தில் பார்க்கவும். 6 வினாடி ஆனால் வேகம் 30 கி.மீ.; நாலரை வினாடி ஆனால் 40; 3.6 வினாடி ஆனால் 50. காலை பள்ளி நேரம், மாலை பள்ளி விடும் நேரம், இரவு ஏழு மணி என மூன்று வேளையும் ஒரு வாரம் எடுத்து, அன்றாடச் சிட்டை எழுதுவது போல் தேதி வாரியாகக் குறித்து வைக்கவும். "வண்டிகள் பறக்கின்றன" என்று சொல்வதைவிட, "நூறு வண்டிகளில் இத்தனை வண்டிகள் 40 கி.மீ.க்கு மேல்" என்று சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது படி, தெருவாசிகளைச் சேர்ப்பது. கடைக்காரர் மட்டும் கையெழுத்திட்டால் சொந்த லாபத்துக்காக என்பார்கள். குடியிருப்போர் நலச்சங்கம், பள்ளித் தலைமையாசிரியர், ஆட்டோ நிறுத்தத்தினர், சரக்கு வேன் ஓட்டுநர் என எல்லோரிடமும் கருத்துக் கேட்கவும்.

மூன்றாவது படி, மனு. மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் முகவரியிடவும். போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நகல் கொடுக்கவும். மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்பலாம். பகுதி சபை, கிராம சபைக் கூட்டங்களிலும் எழுப்பலாம். சென்னையில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணை மனுவில் குறிப்பிடவும்.

மனுவின் மாதிரி:

"ஐயா, எங்கள் தெரு ............ மீட்டர் நீளமுள்ள குடியிருப்புத் தெரு. இதில் பள்ளி ஒன்றும் கடைகள் ............ம் உள்ளன. ............ முதல் ............ வரை நாங்கள் எடுத்த கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கடந்த ஓராண்டில் நடந்த விபத்துகளின் விவரமும் இணைக்கப்பட்டுள்ளது. தாங்கள் பொறியாளரைக் கொண்டு நேரில் ஆய்வு செய்து, ஐ.ஆர்.சி. 99 நெறிமுறைப்படி தகுந்த வேகத் தணிப்பு ஏற்பாட்டை, அறிவிப்புப் பலகை, ஒளிரும் பூச்சு, மழைநீர் வடிகால் வழி ஆகியவற்றுடன் அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். சரக்கு ஏற்றி இறக்கும் இடங்களை இணைப்பு வரைபடத்தில் குறித்துள்ளோம்."

"வேகத்தடை வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் "தகுந்த ஏற்பாடு" என்று எழுதுவதைக் கவனிக்கவும். எது தகுந்தது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

நான்காவது படி, தொடர்ந்து கேட்பது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மனுவைக் கொடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், மனுவின்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

9. சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: எங்கள் தெருவில் ஏற்கெனவே அளவு தவறிய மேடு உள்ளது. நாங்களே உடைத்துவிடலாமா?
பதில்: கூடாது. அனுமதியின்றிப் போடுவது போலவே, அனுமதியின்றி உடைப்பதும் தவறு. டேப்பால் அளந்து, படம் எடுத்து, சரிசெய்யக் கோரி மனுக் கொடுக்கவும். அதுவரை பட்டை தீட்டித் தரும்படி வலியுறுத்தவும். இரவில் கண்ணுக்குத் தெரியாத மேடுதான் பெரும் ஆபத்து.

கேள்வி: சாலையைப் புதிதாகப் போட்டபோது வேகத்தடை மறைந்துவிட்டது. மறுபடி மனு வேண்டுமா?
பதில்: சாலைப் பணி தொடங்கும் முன்பே உதவிப் பொறியாளரிடம் பழைய அனுமதியைக் காட்டி எழுத்தில் நினைவூட்டுவது நல்லது. பணி முடிந்த பிறகு அளவும் பூச்சும் சரியாக உள்ளனவா என்று பார்க்கவும்.

கேள்வி: எங்கள் மண்டித் தெருவில் இரவெல்லாம் லாரி வருகிறது. வேகத்தடை சரக்குக்குக் கேடுதானே?
பதில்: லாரி மிகுந்த தெருவுக்கு, மேலே சொன்ன சரிவு சேர்த்த வடிவத்தைக் கேட்கவும். அல்லது முனைகளைக் குறுக்கும் வழியைப் பரிசீலிக்கச் சொல்லவும். இதை மனுவிலேயே எழுதினால் பிறகு சங்கடம் இராது.

கேள்வி: வேகத்தடை வந்தால் விபத்தே நடக்காதா?
பதில்: அப்படிச் சொல்ல முடியாது. தெருவிளக்கு எரிய வேண்டும். கடைக்கு முன் சரக்கையும் பலகையையும் நடைபாதையில் பரப்பி, மக்களைச் சாலை நடுவே நடக்க வைக்காமல் இருக்க வேண்டும். இந்தப் பங்கு நம்முடையது.

வணிகப் பெருமக்களே, தெரு பாதுகாப்பாக இருந்தால் பிள்ளைகள் கடைக்குத் தனியே வருவார்கள். முதியவர் கைத்தடியுடன் வருவார். மாலையில் பெண்கள் நின்று பேசி வாங்குவார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் நம் தெருக்களின் பட்டியலை எடுத்து, எந்தத் தெருவில் எத்தனை மேடுகள் உள்ளன, அவற்றில் அளவும் பூச்சும் சரியானவை எத்தனை என்று கணக்கிட்டு, தெருவுக்கு இருவர் வீதம் பொறுப்பேற்க வேண்டுகிறோம். செலவு ஒரு டேப்பும் ஒரு சாக்பீஸும்தான். விபத்து நடந்த பிறகு ஓடுவதைவிட, முன்னதாகவே மனுவுடன் போவது நல்லது.